கூகுள் ஸ்காலரில் கட்டுரை படிக்க காசு கேட்குதா? கார்டை எடுக்கும் முன் இதைச் செய்யுங்க.. கல்லூரி நூலகத்தை இணைப்பது எப்படி?

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத வேண்டும். "இந்தத் தலைப்பில் இதுவரை யார் யார் என்ன ஆய்வு செய்திருக்காங்க, படிச்சீங்களா?" என்று கைடு கேட்கிறார். கூகுள் ஸ்காலரில் தேடினால், தேவையான கட்டுரை முதல் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. ஆசையாக கிளிக் செய்தால் சுருக்கம் மட்டும்தான் தெரிகிறது. முழுசா படிக்க 30 டாலர், 40 டாலர் கட்டச் சொல்கிறது. நம்ம ஊர் பணத்தில் ஒரே ஒரு கட்டுரைக்கு 2,500 ரூபாய்க்கு மேல்!

இந்த இடத்தில் மாணவர்கள் பலர் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். கட்டுரையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முழுக்கப் படித்தது போல மேற்கோள் காட்டுகிறார்கள். இல்லையென்றால் கைக்காசைப் போட்டு வாங்குகிறார்கள்.

மூன்றுமே தேவையில்லை. காரணம், அந்தக் கட்டுரைக்கான சந்தாவை உங்கள் பல்கலைக்கழகமோ, மத்திய அரசோ ஏற்கெனவே கட்டியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. 'இவர் எங்க மாணவர்தான்' என்று அந்த இணையதளத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் பிரச்னை. அதைத் தெரியப்படுத்துவது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

கூகுள் ஸ்காலர் என்றால் என்ன?

சாதாரண கூகுளில் தேடினால் செய்தி, கடை, வீடியோ என எல்லாம் கலந்து வரும். கூகுள் ஸ்காலரில் ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வேடுகள், கல்விப் புத்தகங்கள், கருத்தரங்கக் கட்டுரைகள் போன்றவை மட்டும் வரும். 2004 நவம்பரில் இது தொடங்கப்பட்டது. இதை உருவாக்கிய இருவரில் ஒருவர் அனுராக் ஆச்சார்யா. காரக்பூர் ஐஐடியில் படித்த இந்தியர். இன்னொருவர் அலெக்ஸ் வெர்ஸ்டாக்.

தேடுவதற்கு கட்டணம் கிடையாது. கணக்கு தொடங்காமலும் தேடலாம். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஸ்காலர் ஒரு வழிகாட்டிப் பலகை மாதிரி. கட்டுரை எங்கே இருக்கிறது என்று காட்டும். கட்டுரை இருப்பது பதிப்பகத்தின் இணையதளத்தில். காசு கேட்பதும் அந்தப் பதிப்பகம்தான், கூகுள் இல்லை.

யார் கட்டியிருக்கிறார்கள் உங்களுக்கான பணத்தை?

எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி போன்ற பதிப்பகங்கள் பெரும்பாலும் தனி ஆட்களை நம்பித் தொழில் செய்வதில்லை. பல்கலைக்கழகங்களிடம் ஆண்டுச் சந்தா வாங்குகின்றன. சந்தா கட்டிய நிறுவனத்தின் மாணவர், ஆசிரியர் எல்லோரும் தனியாகப் பணம் தராமல் படிக்கலாம்.

இந்தியாவில் இதில் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ம் தேதி ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். 30 சர்வதேசப் பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் இதில் அடங்கும். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 1.8 கோடி பேருக்கு இது பயன்படும் என்று மத்திய அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நிர்வகிக்கிறது.

அதாவது, ஐஐடி மெட்ராஸில் படிக்கும் மாணவர் மட்டும் இல்லை. மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு அரசு கலைக் கல்லூரியில் எம்எஸ்சி படிக்கும் மாணவியும், அந்தக் கல்லூரி திட்டத்தில் சேர்ந்திருந்தால், அதே ஆய்விதழ்களைப் படிக்கலாம். முன்பெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் கட்டுப்படியான விஷயம் இது. ஆனால் வாசல் திறந்திருப்பது தெரியாவிட்டால், பூட்டியிருப்பதும் திறந்திருப்பதும் ஒன்றுதான்!

நூலகத்தை இணைப்பது எப்படி?

கூகுள் ஸ்காலரில் 'லைப்ரரி லிங்க்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருமுறை செட் செய்தால் போதும். இரண்டு நிமிட வேலை.

முதலில் உங்கள் ஜிமெயில் கணக்கில் லாக்-இன் செய்துகொண்டு கூகுள் ஸ்காலர் பக்கத்துக்குப் போங்கள். இடது பக்கம் மேலே மூன்று கோடுகள் தெரியும். அதை அழுத்தினால் மெனு திறக்கும். அதில் 'செட்டிங்ஸ்' போங்கள்.

அடுத்து 'லைப்ரரி லிங்க்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அங்கே வரும் தேடல் பெட்டியில் உங்கள் பல்கலைக்கழகம் அல்லது நிறுவனத்தின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள்.

பெயர் வந்தால் அதன் பக்கத்தில் உள்ள கட்டத்தில் டிக் போட்டு 'சேவ்' கொடுங்கள். மொத்தம் ஐந்து நூலகங்கள் வரை சேர்க்கலாம். 'ஓப்பன் வேர்ல்ட்கேட்' என்ற பெயர் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். அது உலக நூலகங்களின் பட்டியல். அப்படியே விட்டுவிடலாம்.

இனி தேடும்போது, உங்கள் நூலகம் சந்தா கட்டியுள்ள கட்டுரைகளுக்கு வலது பக்கத்தில் ஒரு தனி இணைப்பு தெரியும். அதில் நூலகத்தின் பெயரோ, முழுக் கட்டுரை கிடைக்கும் என்ற குறிப்போ இருக்கும். தலைப்பை அழுத்தாமல் அந்த வலது பக்க இணைப்பை அழுத்துங்கள். பலர் தவறவிடுவது இங்கேதான். தலைப்பை அழுத்தினால் பதிப்பகத்தின் கட்டணப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

டிக் போட்டதும் எல்லாக் கட்டுரையும் திறந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்தானா என்று பதிப்பகம் சோதிக்கும். வேறொரு பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சேர்த்துவிட்டால் உள்ளே போய்விடலாம் என்ற யோசனை பலிக்காது.

பட்டியலில் எங்க கல்லூரி பெயரே இல்லையே?

நிறைய பேருக்கு இதுதான் நடக்கும். பதற வேண்டாம். நூலகம் தன்னிடம் என்னென்ன இதழ்கள் இருக்கின்றன என்ற விவரத்தை கூகுள் ஸ்காலருக்குக் கொடுத்திருந்தால் மட்டுமே பெயர் வரும். பெயர் இல்லை என்பதற்காக சந்தா இல்லை என்று அர்த்தம் கிடையாது.

அப்போது என்ன செய்யலாம்? கட்டுரை இருக்கும் பதிப்பகப் பக்கத்துக்கே போங்கள். உங்கள் நிறுவனம் வழியாக நுழையலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டன் பெரும்பாலான தளங்களில் இருக்கும். காசு கட்டும் பட்டன் பெரிதாக இருக்கும். இது கொஞ்சம் சின்னதாக, அதன் மேலேயோ கீழேயோ இருக்கும். அதை அழுத்தி நிறுவனத்தின் பெயரைத் தேர்வு செய்து, நூலகம் கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல்லைப் போட்டால் கட்டுரை திறக்கும்.

கேம்பஸில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி.. ஏன்?

கல்லூரி வளாகத்தில் படிக்கும்போது பாஸ்வேர்டு கேட்காமல் திறந்த கட்டுரை, வீட்டுக்கு வந்ததும் காசு கேட்கும். ஒரே லேப்டாப், ஒரே ஆள், ஒரே கட்டுரை. என்ன மாறியது?

இணைய முகவரி. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஐபி அட்ரஸ் என்ற எண் உண்டு. கல்லூரி நெட்வொர்க்கின் எண்கள் பதிப்பகத்திடம் பதிவாகியிருக்கும். அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் கதவு தானாகத் திறக்கும். வீட்டு நெட்டின் எண் அவர்களுக்குத் தெரியாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும், நீங்கள் செல்போன் டேட்டாவில் இருந்தால் பதிப்பகத்தின் கண்ணுக்கு நீங்கள் வெளியாள்தான். ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் பார்த்தாலும் அதே கதைதான். டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு கல்லூரி வைஃபையில் இணைந்து பாருங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

வீட்டிலிருந்து படிக்க வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. இன்ஃப்ளிப்நெட் மையம் 'இன்ஃபெட்' என்ற பெயரில் ஒரு பொது லாக்-இன் முறையை நடத்துகிறது. உங்கள் கல்லூரி அதில் உறுப்பினராக இருந்தால், நூலகர் உங்கள் பெயரில் கணக்கு உருவாக்கித் தர முடியும். சில பல்கலைக்கழகங்கள் விபிஎன் அல்லது ப்ராக்ஸி வசதியைத் தருகின்றன. எது உங்கள் இடத்தில் இருக்கிறது என்பதை நூலகரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. வளாகத்தில் இருக்கும்போது கூகுள் கணக்கில் லாக்-இன் செய்தபடி ஸ்காலரைப் பயன்படுத்தினால், உங்கள் நூலகத்தின் சந்தாவை அது குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு வீட்டுக்குப் போனாலும் சில பதிப்பகங்களின் கட்டுரைகள் கொஞ்ச நாளைக்குத் திறக்கும். அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது கல்லூரி வைஃபையில் ஸ்காலரைத் திறந்து பார்ப்பது நல்லது.

தனியார் கல்லூரி மாணவர்கள் என்ன செய்வது?

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தின் இப்போதைய கட்டம் அரசு நிறுவனங்களுக்கானது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான மாணவர்கள் தனியார் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. இன்ஃப்ளிப்நெட்டின் 'என்-லிஸ்ட்' திட்டம் வழியாக அரசு உதவி பெறும் கல்லூரிகள் உட்படப் பல கல்லூரிகள் மின்னிதழ்களையும் மின்னூல்களையும் பெறுகின்றன. டெல்லியில் இயங்கும் 'டெல்நெட்' என்ற நூலகக் கூட்டமைப்பிலும் பல பொறியியல் கல்லூரிகள் உறுப்பினர்கள். உங்கள் நூலகத்தில் இல்லாத ஒரு கட்டுரையை வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர அதில் ஏற்பாடு உண்டு. கல்லூரி உறுப்பினராக இருந்தும் மாணவர்கள் யாரும் கேட்காததால் சும்மா கிடக்கும் வசதிகள் இவை.

இது எதுவும் இல்லாவிட்டாலும், சட்டப்படி இலவசமாகப் படிக்கச் சில வழிகள் இருக்கின்றன.

கூகுள் ஸ்காலர் முடிவுகளில் வலது பக்கம் 'பிடிஎஃப்' என்று இருந்தால், அங்கே ஒரு பிரதி இலவசமாகக் கிடைக்கிறது என்று பொருள். அது இல்லையென்றால், கட்டுரைக்குக் கீழே எல்லாப் பிரதிகளையும் காட்டும் 'ஆல் வெர்ஷன்ஸ்' இணைப்பை அழுத்துங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டுவைத்த பிரதி அதில் கிடைக்கலாம்.

'அன்பேவால்' என்ற இலவச நீட்டிப்பை பிரவுசரில் சேர்த்துக்கொண்டால், சட்டப்படி வெளியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

வரலாறு, இலக்கியம், சமூகவியல் படிப்பவர்கள் 'ஜேஸ்டோர்' தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை ஆன்லைனில் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கடைசியாக, கட்டுரையை எழுதியவருக்கே மெயில் போடலாம். கூச்சப்பட வேண்டியதில்லை. நாம் கட்டும் 40 டாலரில் பொதுவாக எழுதியவருக்கு ஒரு பைசாவும் போகாது. தன் கட்டுரையை யாராவது படிக்கிறார்கள் என்பதே அவருக்கு மகிழ்ச்சி. யார், எங்கே படிக்கிறீர்கள், எந்தக் கட்டுரை வேண்டும் என்று நான்கு வரி எழுதினால் போதும். பலர் பிரதியை அனுப்பிவைப்பார்கள்.

சை-ஹப் இருக்கே என்கிறீர்களா?

கட்டணக் கட்டுரைகளைச் சட்டவிரோதமாக இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தைப் பல ஆய்வாளர்கள் நம்பியிருந்தார்கள். அதற்கு எதிராக எல்சேவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஆகிய பதிப்பகங்கள் 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தன. இந்த வழக்கில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பெயரில் போலித் தளங்களும் உலவுகின்றன. முறையான வழி கையில் இருக்கும்போது அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் இல்லை.

தேடுவது எப்படி? ஒரு எடுத்துக்காட்டு

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பற்றி ப்ராஜெக்ட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முழுக் கேள்வியையும் டைப் செய்ய வேண்டாம். 'கடல்நீர் ஊடுருவல்' என்பதற்கான ஆங்கிலச் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் மீஞ்சூர் என்று ஆங்கிலத்தில் சேருங்கள். மேற்கோள் குறி போட்டால் அந்தச் சொற்கள் சேர்ந்து வரும் கட்டுரைகள் மட்டும் வரும்.

முடிவுகள் அதிகமாக இருந்தால் இடது பக்கம் ஆண்டைத் தேர்வு செய்து அண்மையில் வந்தவற்றை மட்டும் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட பேராசிரியர் எழுதியது வேண்டுமென்றால், ஆசிரியர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லான 'ஆத்தர்', அதையடுத்து இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி, பிறகு அவர் பெயர் என்று அடியுங்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டதா? அதன் கீழே 'சைட்டட் பை' என்று ஒரு எண் இருக்கும். அந்தக் கட்டுரையை அடிப்படையாக வைத்து அதற்குப் பிறகு யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்ற பட்டியல் அது. 2005-ல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து இன்றைய ஆய்வு வரை நூல் பிடித்தாற்போல் வந்துவிடலாம். ஆய்வுப் பின்னணி எழுதுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

நட்சத்திரக் குறியை அழுத்தினால் கட்டுரை உங்கள் பட்டியலில் சேமிக்கப்படும். 'சைட்' என்பதை அழுத்தினால் ஏபிஏ, எம்எல்ஏ உள்ளிட்ட முறைகளில் மேற்கோள் குறிப்பு தயாராக வரும். காப்பி செய்த பிறகு பெயர், ஆண்டு, பக்க எண் சரியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதில் பிழைகள் வருவது உண்டு.

தமிழ் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் டிப்ஸ். ஆங்கிலத்தில் தேடும்போது ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் இருக்கும். சிலப்பதிகாரம் என்ற பெயரை 'எஸ்' எழுத்தில் தொடங்கி எழுதியவர்களும் உண்டு, 'சி' எழுத்தில் தொடங்கி எழுதியவர்களும் உண்டு. இரண்டிலும் தேடுங்கள், தமிழிலும் தேடுங்கள். பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தையும் பார்ப்பது நல்லது.

இதில் கவனமாக இருங்க!

கூகுள் ஸ்காலரில் வந்துவிட்டது என்பதற்காக ஒரு கட்டுரை தரமானது என்று அர்த்தம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் வெளியிடும் போலி இதழ்களின் கட்டுரைகளும் அதில் வரும். தரமான இதழ்களை அடையாளம் காட்ட யுஜிசி வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டது. அதனால் இதழை மதிப்பிடும் பொறுப்பு இப்போது உங்கள் கையிலும் உங்கள் கைடு கையிலும்தான் இருக்கிறது.

ஏஐ சாட்பாட் கொடுக்கும் மேற்கோள் பட்டியலை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டாதீர்கள். இல்லாத கட்டுரையை இருப்பது போலச் சொல்வது அதற்குப் பழக்கம். ஒவ்வொரு தலைப்பையும் ஸ்காலரில் போட்டுத் தேடுங்கள். எங்கேயும் வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

நூலகக் கணக்கின் கடவுச்சொல்லை நண்பர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை மொத்தமாக டவுன்லோடு செய்யவும் கூடாது. அப்படிச் செய்தால் பதிப்பகம் கல்லூரியின் இணைப்பையே தற்காலிகமாக முடக்கிவிடும். ஒருவர் செய்ததற்கு மொத்தக் கல்லூரியும் தவிக்கும்.

நூலகரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இவ்வளவையும் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? நாளைக்கு நூலகத்துக்குப் போய் இந்த நான்கை மட்டும் கேளுங்கள்.

நம்ம கல்லூரி ஒரே நாடு ஒரே சந்தா அல்லது என்-லிஸ்ட் திட்டத்தில் இருக்கிறதா? வீட்டிலிருந்து படிக்க எனக்கு லாக்-இன் கிடைக்குமா? கூகுள் ஸ்காலர் பட்டியலில் நம்ம நூலகத்தின் பெயரைச் சேர்க்க முடியுமா? நம்மிடம் இல்லாத கட்டுரையை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவீர்களா?

முதல் இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், அன்றைக்கே உங்கள் பிரச்னை பெருமளவு தீர்ந்தது. 'இல்லை' என்று வந்தாலும் கேட்டது வீணாகாது. மாணவர்கள் கேட்கிறார்கள் என்று நூலகர் நிர்வாகத்திடம் சொல்வதற்கு அதுவே ஒரு காரணமாகும். எப்படி இருந்தாலும், அந்த 40 டாலர் பட்டனை அழுத்துவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.